மருந்து என்றால் எந்த மருந்து? மயக்க மருந்து டாக்டர்களுக்கு ஒரு தோட்டத்து மடல்

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர்களுக்கும், ஆப்பரேஷனுக்கு முன்னால் படுக்கை ஓரம் நின்று கேள்வி கேட்டு ஃபாரம் நிரப்பும் ஹவுஸ்மேன் (பயிற்சி டாக்டர்) பிள்ளைகளுக்கும், தியேட்டர் நர்ஸ்களுக்கும், தோட்டங்களில் இன்னும் மிச்சமிருக்கும் டிரெசர்களுக்கும் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்களுக்கும்) வணக்கம்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்து பீடோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்து வீட்டில் பிறந்தவள். அப்பா பால்மரம் சீவினார், அப்புறம் செம்பனை வந்ததும் குலை வெட்டினார். நான் நர்ஸ் படித்து, இருபத்தெட்டு வருஷம் ஆப்பரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தேன். இப்போது ஓய்வு. உங்கள் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை உண்டு என்பது என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அந்த மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன். ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும்: லேப் ரிப்போர்ட்டில் வராத சில பதில்கள் எங்கள் வீடுகளில் இருக்கின்றன, அவற்றை எங்களுக்குப் புரிகிற வார்த்தையில் கேளுங்கள்.

என் தாய்மாமாவுக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த மருத்துவமனை, எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை, யார் மேலும் புகார் கொடுக்க இதை நான் எழுதவில்லை. மாமாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. மூன்று மாதம் வீட்டுக் கட்டிலிலேயே கிடந்தார், அத்தைதான் திருப்பிப் படுக்கவைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம். ஒரு ராத்திரி வயிறு பானை மாதிரி வீங்கி, வாந்தி எடுத்து, ஆம்புலன்ஸில் கொண்டு போனார்கள். குடல் முறுக்கிக்கொண்டிருந்தது, படுத்தே கிடக்கும் வயசானவர்களுக்கு அப்படி வருவதுண்டு. உடனே ஆப்பரேஷன். இளம் டாக்டர் ஒருவர் அத்தையிடம் மலாயில் ஸ்ட்ரோக் எப்போது வந்தது என்று கேட்டிருக்கிறார். அத்தை, "சுடா லாமா, டாக்டர்" என்றாராம். ரொம்ப நாளாச்சு. அவருக்கு அந்த மூன்று மாதம் மூன்று யுகம், அதனால் அப்படிச் சொன்னார். டாக்டர் அதைப் பல வருஷம் என்று எடுத்துக்கொண்டார், ஃபைலில் 'பழைய ஸ்ட்ரோக்' என்று எழுதினார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

வயிறு நிறைந்திருந்ததால் மூச்சுக்குழாய்க்குள் வேகமாகக் குழாய் போட வேண்டியிருந்தது, அதற்காகத் தசையைத் தளர்த்தும் ஸ்கோலின் கொடுத்தார்கள். மூன்றாவது நிமிஷம் மானிட்டரில் இதயத் துடிப்பின் கோடு கோபுரம் மாதிரி கூராக எழும்பி, அப்புறம் அகலமாகி, அப்புறம் துடிப்பே இல்லை. ராத்திரி எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 4.1, நார்மல். நெஞ்சை அழுத்திக்கொண்டே எடுத்த ரத்தத்தில் 9க்கு மேல், இதயத்தையே நிறுத்திவிடும் அளவு. நல்லவேளை, தலைமை டாக்டர் அனுபவசாலி. என்ன நடந்தது என்று அந்த நொடியே புரிந்து, கால்சியம், இன்சுலினோடு குளுக்கோஸ், சோடா பைகார்பனேட் என்று வரிசையாகக் கொடுத்து, விடாமல் நெஞ்சை அழுத்தி, மாமாவைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நான் அன்று ஈப்போவில் நைட் ஷிஃப்ட். போன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் அந்த டாக்டர் அத்தையையும் என்னையும் உட்கார வைத்து, ஒரு தாளில் படம் வரைந்து, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அந்த நேர்மைக்கு நான் சாகும்வரை கடன்பட்டிருக்கிறேன்.

இதைப் படிக்கும் தோட்டத்துச் சனங்களுக்காக இங்கே கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், டாக்டர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தியேட்டரில் ஸ்கோலின் என்று சொல்லும் மருந்தின் முழுப் பெயர் ஸக்ஸாமெத்தோனியம். 1951லிருந்து ஆப்பரேஷன்களில் பயன்படுகிறது. தூக்கத்துக்கு வேறு மருந்து, இது தசையைத் தளர்த்துவதற்கு. நரம்பு தசையைப் பார்த்து 'சுருங்கு' என்று சொல்ல அசிட்டைல்கோலின் என்ற பொருளை அனுப்பும், அந்தப் பொருளில் இரண்டைச் சேர்த்து ஒட்டினால் அதுதான் ஸ்கோலின். தசை அதைத் தன் சொந்த ஆள் என்று நம்பிக் கதவைத் திறந்துவிடும். அதனால்தான் ஊசி ஏறியதும் உடம்பு முழுக்க ஒரு துடிப்பு ஓடி, ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் தளர்ந்துபோகிறது. (ஆப்பரேஷனுக்கு மறுநாள் உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலிக்கிறது என்று சிலர் சொல்வார்களே, யாரோ தூக்கிப்போட்டுவிட்டார்கள் என்று சண்டைக்கும் வருவார்கள், பல சமயம் காரணம் இந்தத் துடிப்புதான்.)

அந்தக் கதவு திறந்திருக்கும்போது தசைக்குள் இருக்கும் பொட்டாசியம் ரத்தத்துக்குள் வழிகிறது. நம் உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் கிட்டத்தட்ட 98 விழுக்காடு செல்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல், செல்லுக்குள் 140 அளவுக்கு. பீடோர் பக்கத்து ஈயக்குட்டைகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும், கரைக்கு அந்தப் பக்கம் அவ்வளவு தண்ணீர், இந்தப் பக்கம் ஒரு சின்ன வாய்க்கால். நல்ல உடம்புக்காரருக்கு ஸ்கோலின் கொடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் சுமார் 0.5 கூடும், சில நிமிஷத்தில் இறங்கிவிடும், இதயம் கண்டுகொள்ளாது. ஏனென்றால் நல்ல தசையில் அந்தக் கதவுகள் நரம்பு வந்து தொடுகிற ஒரே இடத்தில் மட்டும் இருக்கின்றன.

நரம்போடு தொடர்பு அறுந்த தசை வேறு மாதிரி. செய்தி வருவது நின்றுபோனதும், எங்கிருந்தாவது வராதா என்று தன் மேல்பரப்பு முழுக்கக் கதவு கதவாக முளைக்க வைக்கிறது, அதுவும் கருவிலிருக்கும் குழந்தையின் தசையில் இருக்கும் வகையை, திறந்தால் கூடுதல் நேரம் திறந்தே நிற்கும் வகையை. ஸ்ட்ரோக்கிலோ முதுகுத்தண்டு அடிபட்டோ கைகால் விழுந்தவருக்கு இது இரண்டு மூன்று நாளிலேயே தொடங்கி மாதக்கணக்கில் நீடிக்கும். பெரிய தீக்காயத்துக்கும் அப்படித்தான், முதல் நாள் தாண்டியதும் ஆபத்து ஆரம்பம். தீக்காயக்காரர்களுக்கு ஸ்கோலின் கொடுத்து இதயம் நின்ற சம்பவங்களை 1960களிலேயே மருத்துவ இதழ்களில் எழுதிவிட்டார்கள். ஐசியூவிலோ வீட்டுக் கட்டிலிலோ வாரக்கணக்கில் அசையாமல் கிடந்தவருக்கும் இதே கதைதான்.

எனக்கு மனதை அறுப்பது அந்த 4.1தான். ராத்திரி எடுத்த ரத்தம் நார்மல். அதைப் பார்த்த யாருக்கும் சந்தேகம் வராது, எனக்கும் வந்திருக்காது. ரத்தப் பரிசோதனை வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு என்றுதான் சொல்லும், கரை எவ்வளவு அரித்துப்போயிருக்கிறது என்று சொல்லாது. அந்த அரிப்பைப் பற்றி அத்தைக்குத் தெரியும், மூன்று மாதம் அந்தக் காலைத் தூக்கி வைத்தவர் அவர்தான், அது எப்படிச் சூம்பிக்கொண்டே வந்தது என்று வாரம் வாரமாகச் சொல்லியிருப்பார். 'மாமா கடைசியாக எப்போது தானாக நடந்தார்? தைப்பூசத்துக்கு முன்னாலா, அப்புறமா?' என்று யாராவது கேட்டிருந்தால் போதும். தேதி கேட்டால் எங்கள் ஆட்கள் தடுமாறுவார்கள், ஆனால் திருவிழாவை வைத்துக் கேட்டால் நாளோடு சொல்வார்கள்.

சின்னப் பையன்கள் விஷயமும் இப்படித்தான். பார்க்கத் திடமாக இருப்பான், கெண்டைக்கால் தசை புடைத்துக்கூட இருக்கும், ஆனால் தரையில் உட்கார்ந்தால் தன் தொடையிலேயே கை ஊன்றி ஊன்றித்தான் எழுவான், படி ஏறத் திணறுவான். டூஷேன் என்ற தசைச் சிதைவு நோய் அது, பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருவது. நோய் இன்னும் கண்டுபிடிக்கப்படாத அப்படிப்பட்ட பையன்களுக்கு ஸ்கோலின் போய் இதயம் நின்ற செய்திகள் வந்த பிறகுதான், 1990களில் அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு இந்த மருந்தை வழக்கமாகக் கொடுக்காதீர்கள், அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று மருந்துப் பெட்டியிலேயே எச்சரிக்கை போட வைத்தார்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்குத் தெரியும், எந்தப் பையன் வரிசையில் கடைசியாக எழுந்து நிற்கிறான் என்று. அம்மாவுக்கும் தெரியும். சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருப்பார், பாவம்.

டயாலிசிஸ் செய்கிறவர்களைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு பயம் உலவுகிறது, கிட்னி போனவருக்கு மயக்க மருந்தே ஆகாது என்று. அது சரியில்லை. அவருடைய பொட்டாசியம் அன்று கட்டுக்குள் இருந்தால் ஸ்கோலினால் கூடுவது மற்றவர்களுக்குக் கூடும் அதே 0.5 அளவுதான். தொடங்கும்போதே 6 இருந்தால்தான் சிக்கல். ஒரு தடவை டயாலிசிஸை விட்டுவிட்டு வந்தவர், டுரியான் சீசனில் ஆசைக்கு நாலு சுளை சாப்பிட்டவர், சூட்டுக்கு நல்லது என்று பக்கத்து வீட்டார் கொடுத்த இளநீரைக் குடித்தவர், இவர்கள்தான் அப்படி வந்து நிற்பார்கள். டுரியானிலும் இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். 'பத்தியமாக இருந்தீர்களா' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். 'இந்த வாரம் இளநீர் குடித்தீர்களா' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது, இந்த மடலுக்குத் தலைப்பு வந்த கதை. என் பெரியத்தைக்கு 1986ல் குடல்வால் ஆப்பரேஷன். முடிந்து வெகு நேரம் அவர் மூச்சு விடவில்லை, கை கால் அசையவில்லை, மெஷினில் வைத்திருந்து மறுநாள்தான் வார்டுக்கு அனுப்பினார்கள். வந்ததும் அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "எல்லாம் கேட்டுச்சு புள்ள, கண்ணைத் தொறக்கத்தான் முடியல, செத்துட்டேன்னு நெனச்சேன்." வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை. நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. பிறகு தியேட்டருக்கு வேலைக்கு வந்துதான் புரிந்தது, அவர் சொன்னது அத்தனையும் நடந்திருக்கக்கூடியது என்று.

ஸ்கோலின் ஏன் பத்து நிமிஷத்துக்குள் விலகிவிடுகிறது? ஈரல் தயாரித்து ரத்தத்தில் ஓடவிடும் ஒரு நொதி அதை உடைத்துவிடுகிறது. பிளாஸ்மா கோலினெஸ்டரேஸ் என்பார்கள். ஊசியில் போட்டதில் பெரும்பகுதி தசையைப் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே உடைந்துபோகிறது, அவ்வளவு சுறுசுறுப்பான நொதி. அது ரத்தத்தில் குறைந்திருந்தாலோ, பிறப்பிலேயே வேலை செய்யாத வகையாக இருந்தாலோ, பத்து நிமிஷ மருந்து மணிக்கணக்கில் நிற்கும். தூக்க மருந்து தெளிந்து, தசை மட்டும் தெளியாமல் கிடந்தால் அதுதான் பெரியத்தை சொன்ன அந்த நரகம். பரம்பரையாக வருவதும் உண்டு, தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் ஆரிய வைசியச் சமூகத்தாரிடம் இது மற்றவர்களைவிட அதிகம் என்பது அங்குள்ள மயக்க மருத்துவர்கள் நன்றாக அறிந்தது. இன்னொரு காரணம் எங்கள் தோட்டத்துக்காரர்களின் காரணம். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் இதே நொதியைத்தான் முடக்குகின்றன. பெரியத்தை அந்தக் காலத்தில் என்ன வேலை பார்த்தார்? செம்பனை ஓலையைத் தின்னும் புழுவுக்காக மரத்தில் துளை போட்டு, மோனோகுரோட்டோபாஸ் ஊற்றும் கூட்டத்தில் இருந்தார். கையுறை என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

இப்போது சொல்லுங்கள். ஆப்பரேஷனுக்கு முன்னால் அவரிடம், "மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று கேட்டிருப்பார்கள். இல்லை என்றிருப்பார். தோட்டத்தில் மருந்து என்றால் இரண்டு. டிரெசர் கொடுப்பது ஒரு மருந்து, தொட்டியில் கலந்து முதுகில் சுமப்பது இன்னொரு மருந்து. 'மருந்தடிக்கப் போனேன்' என்றால் எங்களுக்கு உடனே புரியும். மலாயில் கேட்டால் இன்னும் மோசம், அங்கே அதற்கு உபாட், இதற்கு ராச்சுன் என்று வார்த்தையே வேறு, உபாட் சாப்பிடுகிறாயா என்று கேட்பவருக்கு ராச்சுன் அடிக்கிறேன் என்று யார் பதில் சொல்வார்கள்? பெரியத்தையின் நொதி குறைந்தது பரம்பரையாலா, பூச்சிமருந்தாலா என்று அன்று யாரும் பரிசோதிக்கவில்லை. 'அவளுக்கு மயக்க மருந்து ஒத்துக்காது' என்ற ஒரே வாக்கியத்தோடு அனுப்பிவிட்டார்கள். அந்த அரைகுறை வாக்கியத்தை வைத்துக்கொண்டு எங்கள் குடும்பம் முப்பது வருஷம் பயந்தது. ஒரு சித்தப்பா ஹெர்னியாவை வைத்துக்கொண்டே வாழ்ந்தார்.

எல்லா மருந்தடிப்பும் இதைச் செய்யாது, அதையும் சொல்லிவிட வேண்டும். புல்லுக்கு அடிக்கும் கிளைபோசேட் இந்த நொதியைத் தொடாது. 2020 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட பாராகுவாட் நுரையீரலைக் கெடுக்கும் விஷம், ஆனால் இந்த நொதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புழு பூச்சிக்கு அடிப்பதுதான் கணக்கு, அடிப்பதை நிறுத்தினால் ஈரல் புதிதாகத் தயாரித்துச் சில வாரங்களில் நொதி ஏறிவிடும். ஆகவே 'மருந்தடித்திருக்கிறீர்களா' என்பதோடு நிறுத்தாமல், எதற்கு அடித்தீர்கள், கடைசியாக எப்போது என்றும் கேட்க வேண்டும். முன்பு இந்த வேலையில் எங்கள் பெண்கள்தான் நிறைந்திருந்தார்கள், இன்று பல தோட்டங்களில் இந்தோனேசியாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த பிள்ளைகள் முதுகில் அந்தத் தொட்டி இருக்கிறது. அவர்களுக்குப் பக்கத்தில் நின்று பதில் சொல்ல அத்தை, பெரியத்தை யாரும் இல்லை. நான் கேட்பது அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஆபத்தான ரசாயனம் கையாளும் தொழிலாளிக்கு மருத்துவக் கண்காணிப்பு வேண்டும் என்று 2000ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் விதிமுறை வந்துவிட்டது. சில தோட்டங்களில் ரத்தம் எடுத்து இந்த நொதியைப் பார்க்கிறார்கள். நல்லது. ஆனால் நான் வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் அந்த ரிப்போர்ட் ஒன்றுகூட நோயாளியோடு தியேட்டர் வாசலுக்கு வந்து நான் பார்த்ததில்லை. தோட்ட ஆபீஸ் ஃபைலில் இருந்து என்ன பயன்? டிரெசர் ஐயா, உங்களிடம் கேட்கிறேன், ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பும்போது லெட்டரில் ஒரு வரி, 'இவர் பூச்சிமருந்து அடிப்பவர், கடைசி ரத்தப் பரிசோதனை இது' என்று எழுதிவிடுங்கள்.

ஸ்கோலினையே தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வயிறு நிறைந்து, மூச்சு திணறி வரும் ஆளுக்கு அது எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்று கண்ணால் பார்த்தவள் நான். ஆகாதவர்களுக்கு மாற்று இருக்கிறது, ரோகுரோனியம், கிலோவுக்கு 1.2 மில்லிகிராம் கொடுத்தால் அதுவும் ஒரு நிமிஷ அளவில் வேலை செய்யும், பொட்டாசியத்தை ஏற்றாது. ஆனால் அது ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் நிற்கும், உடனே திருப்ப வேண்டுமென்றால் சுகமாடெக்ஸ் கையிருப்பில் இருக்க வேண்டும், அதன் விலை உங்களுக்கே தெரியும். எது யாருக்கு என்று முடிவு செய்வது உங்கள் படிப்பு. அந்த முடிவுக்குத் தேவையான செய்தி சரியான நேரத்தில் உங்கள் கைக்கு வரட்டும் என்பதுதான் என் கவலை.

அதற்காக ஒரு சீட்டு தயார் செய்திருக்கிறேன். தமிழில் நான் எழுதினேன், மலாயில் என் மகள் எழுதிக் கொடுத்தாள், உள்ளங்கை அளவுதான், ஐசியோடு (அடையாள அட்டையோடு) பர்ஸில் வைக்கலாம். கைகால் விழுந்தது உண்டா, கடைசியாகத் தானாக நடந்தது எப்போது, படுத்த படுக்கையாக எத்தனை வாரம், பெரிய தீக்காயம் எப்போது, டயாலிசிஸ் கடைசியாக எந்தக் கிழமை, வயலிலோ தோட்டத்திலோ புழு பூச்சிக்கு மருந்து அடிக்கிறீர்களா, பிள்ளை கை ஊன்றாமல் எழுகிறானா, வீட்டில் யாருக்காவது ஆப்பரேஷன் மேசையில் காய்ச்சல் கொதித்ததோ, மூச்சு திரும்ப நேரமானதோ, காரணம் தெரியாமல் உயிர் போனதோ உண்டா. இவ்வளவுதான் கேள்விகள். காய்ச்சல் கேள்வி ஏன் என்று டாக்டர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஸ்கோலினும் மயக்க வாயுக்களும் சில பரம்பரைகளில் தசையைக் கொதிக்கவைத்து இதே பொட்டாசியத்தை வேறு வழியில் ஏற்றிவிடும், அதற்கு டான்ட்ரோலின் என்ற மருந்து கையில் இருக்க வேண்டும்.

உங்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். மேசையில் ஏதாவது இப்படி நடந்து ஆள் பிழைத்துவிட்டால், 'ஒத்துக்காது' என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். எந்த மருந்து, என்ன ஆனது, ரத்தத்தில் எந்த எண் எங்கே போனது, கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் பரிசோதிக்க வேண்டுமா என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். மாமாவுக்கு அந்த டாக்டர் அப்படி எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை அத்தை சாமி மாடத்தில், விபூதித் தட்டுக்குக் கீழே வைத்திருந்தார். இரண்டு வருஷம் கழித்து மாமாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து வேறு ஊரில் ஆப்பரேஷன் என்றபோது, அத்தை முதலில் எடுத்துக் கொடுத்தது அந்தத் தாளைத்தான். அங்கிருந்த டாக்டர் அதைப் படித்துவிட்டு வேறு மருந்து கொடுத்தார்.

சீட்டு வேண்டும் என்கிற கிளினிக், கோயில் கமிட்டி, தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கம் யாராக இருந்தாலும் எடுத்து அச்சடித்துக்கொள்ளலாம், என் பெயர் போட வேண்டாம். கேள்விகளில் பிழை இருந்தாலோ, இன்னும் எளிமையாகக் கேட்க வழி இருந்தாலோ டாக்டர்கள் திருத்தித் தாருங்கள், அடுத்த முறை அச்சடிக்கும்போது சேர்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ்,
பீடோர், பேராக்